காலண்டர் தாள் ஒட்டிய நோட்டுகள்

சங்கரன்கோவிலில் எந்த நோட்டு செல்லும், எது செல்லாது என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் எங்கள் வீட்டில் வந்து கேட்டிருக்கலாம். எந்தக் கடையிலும் வாங்காத நோட்டும், எந்தக் கண்டக்டரும் தொடாத நாணயமும் ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேரும். அப்பா சுடுகாட்டில் பிணம் எரிக்கிற வேலை பார்த்தார்.

இறந்தவரை எரிப்பதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாயில் ஒரு பிடி அரிசி போடுவார்கள். வாய்க்கரிசி. அரிசியோடு கொஞ்சம் துட்டும் போட வேண்டும். பெண்கள் வீட்டில் போடுவார்கள், ஆண்கள் சுடுகாட்டில் போடுவார்கள். அந்த அரிசியும் துட்டும் எரிக்கிறவருக்குச் சேரும். பேசிய கூலி தனி. அதை வாங்கப் பல நேரம் பத்து நாள் நடக்க வேண்டும். வாய்க்கரிசித் துட்டு மட்டும்தான் அன்றைக்கே கைக்கு வருவது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அதில்தான்.

துக்க வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பர்ஸைத் திறப்பார்கள். நல்ல நோட்டு நாலு இருக்கும், நடுவில் கிழிந்து மடிந்தது ஒன்று இருக்கும். பால்காரரிடம் கொடுத்துத் திரும்பி வந்தது, பூ மார்க்கெட்டில் நனைந்து நைந்தது, பஸ்ஸில் தள்ளிவிடப் பார்த்து ஏச்சு வாங்கியது. அதை எடுத்து மேல் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார்கள். செத்தவரா எண்ணிப் பார்க்கப் போகிறார்? அந்தப் பக்கம் ஒரு மனிதர் நின்றுகொண்டிருக்கிறார், அவருக்கு ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஒரு பெண் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். எண்ணமே இல்லை என்பதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்து, மாற்றுகிற கெடுவும் முடிந்து சில வாரங்கள் கழித்துப் பெரிய வீட்டுப் பெரியவர் ஒருவர் இறந்தார். அன்று அப்பா ஆயிரம் ரூபாய் நோட்டு மூன்று கொண்டுவந்தார். அவர் வாழ்நாளில் ஆயிரம் ரூபாய் நோட்டைக் கையில் பிடித்தது அன்றுதான். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு பத்து ரூபாய் நாணயம். அரசாங்கம் செல்லும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது, ஊர்க் கடைகள் செல்லாது என்று சொல்லிக்கொண்டே இருந்தன. இரண்டுக்கும் நடுவில் எங்கள் வீட்டில் ஒரு தூக்குச்சட்டி நிறையச் சேர்ந்தது.

அப்பா கொண்டுவரும் முடிச்சை அம்மா வாசலிலேயே வாங்கிக்கொள்வாள். அரிசி கோழிக்கு. நாணயங்களை மஞ்சள் தண்ணீரில் போட்டு அலசுவாள். ஈர நோட்டுகளை வீட்டு நிலைக்கண்ணாடியில் ஒட்டவைப்பாள். காய்ந்ததும் அவை தாமாக உரிந்து கீழே விழும். பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவும்போது எனக்கு என் முகம் முழுதாகத் தெரிந்த நாட்கள் குறைவு. கிழிந்த நோட்டுகளுக்குச் சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, தினசரி காலண்டர் தாளை மெல்லிசாகக் கிழித்து ஒட்டுவாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எந்தப் பக்கம் அச்சு இருக்கிறது என்று பார்க்க மாட்டாள். அதனால் எங்கள் வீட்டு நோட்டுகளில் காந்தி படத்துக்குப் பக்கத்தில் ‘நல்ல நேரம்’ என்றோ ‘சந்திராஷ்டமம்’ என்றோ இருக்கும்.

அதை மாற்றி வருவதும் அம்மா வேலைதான். பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் நோட்டைத் தூக்கிப் பிடித்து, கடையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்வார்.

“ஏட்டி, இது நோட்டா, பஞ்சாங்கமா? இன்னைக்கு ராகு காலம் எத்தனை மணிக்குன்னு பாத்துச் சொல்லு.”

எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்தால்தான் வாங்குவார். பத்து ரூபாய்க்கு எட்டு ரூபாய்ச் சாமான் கொடுப்பார். அப்படியும் எந்தக் கடையிலும் போகாத நோட்டுகள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. அந்த டின்னை அம்மா அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

நான் பன்னிரண்டாவது முடித்து நர்ஸிங் படிப்பில் இடம் கிடைத்தபோது முதல் தவணைப் பணம் கட்ட ஒரே ஒரு நாள்தான் பாக்கி இருந்தது. அங்கே இங்கே புரட்டியும் கொஞ்சம் குறைந்தது. டின்னில் இருப்பதை மாற்றினால் சரியாக வரும். அப்பா வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு, அந்த நோட்டுகளை மஞ்சள் பையில் போட்டு என்னையும் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனார். உள்ளே சுவரில் பெரிய தாளில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கிழிந்த நோட்டுகள், நைந்த நோட்டுகள், இரண்டு துண்டான நோட்டுகளின் படம் போட்டு, இவை மாற்றித் தரப்படும் என்று எழுதியிருந்தது. நான் அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒவ்வொரு படமாக விரல் வைத்து, “இது மாரி நம்மகிட்ட இருக்கு... இது மாரியும் இருக்கு” என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

கவுண்டரில் இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் ஆரம்பித்தார். நோட்டுகளைப் பிரித்துப் பரப்பினார். காலண்டர் ஒட்டைப் பார்த்துச் சிரித்தார். பாதிக்கு மேல் ஒரு பக்கமாக அடுக்கிவிட்டு, பேச்சுவாக்கில் கேட்டார்.

“இவ்வளவு கிழிசல் எங்கேயிருந்து கிடைச்சது பெரியவரே? கடை வச்சிருக்கீங்களா?”

“இல்ல சார். வாய்க்கரிசியில விழுந்த துட்டு. நான் சுடுகாட்டுல எரிக்கேன்” என்றார் அப்பா.

அவர் கை நின்றது. விரலில் மாட்டியிருந்த ரப்பர் உறையைக் கழற்றினார். சட்டையில் படாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்தார். நோட்டுகளை ஒரு ஸ்கேலால் எங்கள் பக்கம் தள்ளினார்.

“இன்னைக்கு டயம் இல்லை. திங்கக்கிழமை வாங்க.”

“சார், நாளைக்கு ஃபீஸ் கட்டணும். அங்கன போட்டிருக்கே, மாத்தித் தருவாகன்னு” என்றேன் நான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவரின் செலானை வாங்கிக்கொண்டார். சுவரில் இருந்த அறிவிப்பில் எந்த ஊரில், யார் வாயில் விழுந்த நோட்டு என்று ஒன்றும் போடவில்லை. நான் இரண்டாம் தடவை முழுக்க வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிழிந்த நோட்டு மாற்றித் தருகிற ஒருவர் சின்ன மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். நூற்றுக்கு எழுபது கொடுப்பார். அவரிடம் மாற்றினோம். அவரும் ஒட்டு ரொம்ப மோசம் என்று பத்துப் பதினைந்தைக் கழித்துப் போட்டுவிட்டார். அவை மறுபடி டின்னுக்கே போயின. அப்படியும் குறைந்ததை அம்மா கம்மலை வைத்துக் கட்டினோம். அந்தக் கம்மல் திரும்பவே இல்லை. இதை எழுதும்போது என் காதில் இரண்டு கம்மல் கிடக்கிறது, எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

“பெட்டிக்கடை வச்சிருக்கேன்னு ஒரு பொய் சொன்னா என்ன? வாய் வலிக்குமா?”

“பொய் சொன்னா அது களவாண்ட துட்டு மாரி ஆயிரும்லா மக்கா. நான் வேல பாத்து வாங்குனது.”

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி போகிறவரை நின்றோம். வண்டி போன பிறகு சொன்னார்.

“நான் செத்தேன்னா என் வாயில ஒட்டுப் போட்ட நோட்டைப் போட விட்டுராத. நல்ல நோட்டாப் போடச் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

சரி என்று சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடமும் அவரே அதைச் சொன்னார். அம்மா சுளகில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். “ஆமா, ராசாவுக்கு நல்ல நோட்டு கேக்கு” என்று மட்டும் சொன்னாள்.

படிப்பை முடித்தேன். தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நுரையீரல் கெட்டு அப்பா படுத்தபோது அங்கேதான் சேர்த்திருந்தேன். அவ்வளவு வருடப் புகை. இனித் தேறாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்ன அன்று நான் செய்த முதல் காரியம், ஆஸ்பத்திரிப் பில் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் புதுப் பத்து ரூபாய்க் கட்டு ஒன்று வாங்கித் தரச் சொன்னதுதான். எந்த மகள் இப்படிச் செய்வாள்? அவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்க, அவருடைய வாய்க்கரிசித் துட்டு என் பையில் பிரிக்காத கட்டாக, அவர் மாத்திரைகளுக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் இருந்தது.

அவர் இறந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சொந்தக்காரப் பெண்கள் வந்தார்கள். பாதிப் பேர் கையில் பணமே இல்லை. பூக்கடையில்கூட ஸ்கேன் பண்ணித் துட்டு அனுப்புகிற காலம். பிணத்துக்கு மட்டும்தான் இன்னும் கையால் போட வேண்டியிருக்கிறது. நான் தலைமாட்டில் நின்று ஆளுக்கு ஒரு புது நோட்டாக உருவிக் கொடுத்தேன். வாங்கியவர்கள் அரிசியோடு சேர்த்துப் பக்கத்தில் இருந்த சுளகில் போட்டுவிட்டு அழுதுகொண்டே நகர்ந்தார்கள். சுளகு நிறைய மடிப்பில்லாத நோட்டுகள். அப்பா பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

எல்லாரும் போட்டு முடித்ததும் அம்மா எழுந்து சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அரிசியையும் துட்டையும் துண்டில் முடிந்து பாடையோடு அனுப்ப வேண்டும். அந்த முடிச்சு அவள் கைக்குப் பழக்கம். வேறு ஒருத்தி முடிச்சுப் போட்டால் நன்றாக இராது என்று நானும் சும்மா இருந்தேன். வரக் கொஞ்சம் நேரமானது. உள்ளே தனியாக அழுகிறாள் என்று நினைத்தேன். வெளியே வந்து முடிச்சைக் கொடுத்தாள், ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்பாவை எரித்தவர் பனவடலிசத்திரத்துப் பக்கத்திலிருந்து வந்து நாலைந்து வருடமாக அவரோடு வேலை பார்த்தவர். நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். மறுநாள் சாம்பல் எடுத்துக் கரைத்து முடித்த பிறகு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றார்.

“மக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கிடக் கூடாது.”

“சொல்லுங்க சித்தப்பா.”

“அண்ணன் பாடையோட வந்த துட்டு. கேக்க எனக்கு வாய் வரல. எம் பொஞ்சாதி கடைக்குக் கொண்டு போயிருக்கா. ஒண்ணையும் வாங்க மாட்டேங்கான். வீட்டுல அரிசி இல்ல, அதான் வந்தேன்.”

மடியிலிருந்து முடிச்சை எடுத்து அவிழ்த்தார். ஒரு புது நோட்டு இல்லை. நைந்தது, கிழிந்தது, ஓரம் எரிந்தது. நான் கொடுத்த நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு பழையதைப் போட்டுவிட்டார்கள் என்று, ஒப்பாரி வைத்த ஒவ்வொருத்தி முகமாக நினைத்து நினைத்துத் திட்டினேன். அத்தைகள், பெரியம்மாக்கள், ஒருத்தியையும் விடவில்லை. சித்தப்பா ஒரு நோட்டை விரித்து என் கையில் வைத்தார். நடுவில் நீளமாக ஒட்டு. அதில் ‘சந்திராஷ்டமம்’ என்று அச்சு.

“இது மதினி ஒட்டுனதுல்லா மக்கா” என்றார்.

நான் உள்ளே போனேன். அம்மா மூலையில் உட்கார்ந்திருந்தாள். அரிசிப் பானைக்குப் பின்னால் பிஸ்கட் டின் இருந்தது. திறந்தேன். புது நோட்டுகள்.

“ஏம்மா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

“நாப்பது வருசம் அந்த மனுசன் ஊரான் கழிச்சுப் போட்டதெல்லாம் கொண்டாந்து எங் கையில குடுத்தாரு. வாங்குனதோட அவரு வேல முடிஞ்சுது. கழுவுனது யாரு? ஒட்டுனது யாரு? கடை கடையாப் போயி, அவன் கேலிக்கெல்லாம் பல்லக் காட்டுனது யாரு? ஒருத்தன்ட்டயாவது, இது செல்லாது, நல்ல நோட்டாப் போடும்னு அவரு கேட்டுருப்பாரா? தனக்கு மட்டும் புது நோட்டு கேக்காரு. இது எங்கயும் போவல. இங்கன ஒரு எடத்துலதான் போவும்னு போட்டேன்.”

“அது அவர் ஆசைம்மா.”

“அவரு ஆசைய நீ பாத்த. எனக்கு என்ன ஆசைன்னு கேட்டியாட்டி, ஒரு நாளாவது?”

நான் கேட்டதில்லை. ஆனால் அன்று எனக்கு அவள்மேல் வந்த கோபம் அடங்கவும் இல்லை. அவள் போட்டது அப்பா வாயில் போகவில்லை. அது போனது இன்னொரு வீட்டுக்கு. அங்கே இன்னொருத்தி அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் ஏச்சு வாங்கிவிட்டு வந்திருக்கிறாள். நாற்பது வருடம் அதையே பட்டவளுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

என் பர்ஸில் இருந்ததை அப்படியே சித்தப்பாவிடம் கொடுத்து, முடிச்சை வாங்கிக்கொண்டேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு எனக்கு எதற்கு?

தென்காசிக்குத் திரும்பியதும் அந்த நோட்டுகளை என் சம்பளக் கணக்கு இருக்கிற பேங்குக்குக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரிச் சீருடையோடு, அடையாள அட்டை கழுத்தில் தொங்கத்தான் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நோட்டுகளைப் பரப்பிவிட்டு, “எங்கேயிருந்துங்க மேடம் இவ்வளவு?” என்று கேட்டாள்.

“எங்க வீட்டுப் பழைய பெட்டியில இருந்தது” என்றேன்.

பத்து நிமிடம் ஆனது. கிழிந்தது போக மிச்சமுள்ள பரப்பு போதாது என்று இரண்டை மட்டும் திருப்பிக் கொடுத்தாள். மற்றதெல்லாம் நல்ல நோட்டாக என் கைக்கு வந்தது. ஒரு பொய்தான் அதன் விலை. என் ஃபீஸுக்காக பேங்குக்குப் போன நாளில் அப்பா கொடுக்காத விலை அதுதான். வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன், ஆட்டோவில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

போன மாதம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். தெருவெல்லாம் கூட்டம், பூ வாசனை. அம்மா கோயிலுக்கு வரவில்லை, முழங்கால் வலி. அரிசி எடுக்கப் போனபோது டின் அதே இடத்தில் இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டு அந்தப் புதுப் பத்து ரூபாய் நோட்டுகள் அப்படியே இருந்தன. ஒரு மடிப்புக்கூட விழவில்லை. நான் அனுப்புகிற பணம் தீர்ந்து, கடையில் கடன் சொல்லியிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி அன்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

“கடன் சொல்லுதியாம். இதை ஏன் செலவழிக்கல?”

“அது எனக்கு” என்றாள்.

அம்மா காலை நீட்டித் தடவிக்கொண்டே சொன்னாள்.

“நான் போனப்புறம் வாய்க்கரிசிக்கு ஆளுக்கு ஒண்ணாக் குடு. சுளகை மட்டும் எவ கையிலயும் குடுத்துராத, கேட்டியா. நீயே நின்னு முடி. மாத்திருவாளுவ.”